ஒன்றும் ஆகாத நாற்பது பயணங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. திருப்பூரில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆன்லைன் கேம் விளையாடுகிறேன். சண்டை எனக்கு ஒத்துவராது. ஒரு சந்தையில் வாங்கி இன்னொரு சந்தையில் விற்பதுதான் என் ஆட்டம். ஒன்பது நாளுக்கு முன்னால் டோடிக்ஸி சந்தையிலிருந்து ஜிட்டா சந்தைக்கு என் ஃப்ரைட்டரில் (பெரிய சரக்குக் கப்பல்) 22 பில்லியன் ஐஸ்க் (கேமின் பணம்) மதிப்புள்ள சரக்கை ஏற்றி, ஆட்டோபைலட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கப்பல் இல்லை. வழியில் உவெடாமா மண்டலத்தில் கேங்க் செய்துவிட்டார்கள், அதாவது கூட்டமாகச் சேர்ந்து சுட்டுவிட்டார்கள். கருவி பொருத்தும் மூன்று லோ ஸ்லாட்டிலும் சரக்கு இடத்தைக் கூட்டும் கார்கோ எக்ஸ்பாண்டர்தான் போட்டிருந்தேன். சரக்கில் 8 பில்லியன் என் கார்ப் (கேமில் நான் இருக்கும் குழு) நண்பர்கள் இருவருடையது. இதே பாதையில் இதே மாதிரி நாற்பது தடவையாவது போயிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஆரம்பத்தில் அரை பில்லியன், ஒரு பில்லியன்தான் ஏற்றுவேன். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டு பக்கமே போகவில்லை. தூக்கம் சரியில்லை. ஆபீஸில் ஒரு மெயிலை நாலு தடவை சரிபார்க்கிறேன். அண்ணன், ‘கேம்தானடா, இதுக்குப் போய் இப்படி உட்கார்ந்திருக்க’ என்கிறான். நிஜப் பணத்தில் வாங்கி ஐஸ்க்காக மாற்றக்கூடிய ப்ளெக்ஸை 15,000 ரூபாய்க்கு வாங்கி எல்லாவற்றையும் சரிக்கட்டலாமா என்று கிரெடிட் கார்டை இரண்டு முறை கையில் எடுத்துவிட்டேன். இனி ஒரு நொடிகூடக் கவனம் தவற மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். இதிலிருந்து உருப்படியாக என்ன கற்றுக்கொள்வது? இல்லை, கேமையே விட்டுவிடட்டுமா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த இரண்டு நண்பர்களுக்கும் இன்று இரவே எழுதிவிடுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். நீங்கள் விளையாடுவது மற்ற விளையாட்டுகள் போன்றதல்ல. அங்கே ஏமாற்றுவதும், நம்பவைத்துக் கழுத்தறுப்பதும், கார்ப்பின் கிடங்கைக் காலி செய்துகொண்டு ஓடுவதும் விதிமீறல் இல்லை. நடத்தும் நிறுவனமே அதை ஆட்டத்தின் பகுதியாக விட்டுவைத்திருக்கிறது. உங்கள் கப்பல் வெடித்த விவரம், அழிந்த கப்பல்களைப் பதிவு செய்யும் கில்போர்டு தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. எந்த இடம், எத்தனை மணி, என்ன சரக்கு, யார் சுட்டார்கள் என்பதெல்லாம் உங்கள் நண்பர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். தெரியாதது உங்களைப் பற்றி மட்டும்தான். வெட்கப்பட்டு ஒளிந்திருக்கிறீர்களா, அல்லது சுட்டவர்களோடு பேசிவைத்துச் சரக்கைக் கைமாற்றிவிட்டீர்களா? நீங்கள் பேசாத ஒவ்வொரு நாளும் இரண்டாவது சந்தேகம்தான் வளரும். கப்பல் போன நஷ்டம் ஒன்பது நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது. நட்பின் நஷ்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதும்போது உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். ‘நான் ஒரு முட்டாள்’ என்று நாலு வரி எழுதினால், பாவம், அவர்கள் தங்கள் நஷ்டத்தை மறந்துவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். நடந்ததைச் சொல்லுங்கள்: ‘உங்கள் 8 பில்லியன் சரக்கு என் கையில் இருந்தபோது போயிற்று. ஆட்டோபைலட் போட்டுவிட்டு எழுந்து போனேன். தப்பு என்னுடையது. இத்தனை நாள் பேசாமல் இருந்ததும் தப்பு. மாதம் இவ்வளவு என்று திருப்பிக் கொடுக்கிறேன், இந்தக் கணக்கு உங்களுக்குச் சரியா என்று சொல்லுங்கள்.’ இவ்வளவு போதும். அவர்கள் கோபப்பட்டால் படட்டும், அது அவர்கள் உரிமை.

எழுதி அனுப்பிவிட்டீர்களா? இனிப் பேசலாம்.

தொழிற்சாலைகளில் ஒரு பிழையோ விபத்தோ நடந்த பிறகு, சம்பந்தப்பட்டவரோடு உட்கார்ந்து ‘இது எப்படி நடந்தது’ என்று பேசுவதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. ஈவ் ஆன்லைனை நான் விளையாடியதில்லை. என் மகன் மூன்று வருடம் விளையாடினான். பக்கத்தில் உட்கார்ந்து அவனைக் கேள்வி கேட்டே துளைத்திருக்கிறேன், ஏனென்றால் என் தொழிலுக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு விளையாட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட விளையாட்டு இது. 7,000-க்கும் மேற்பட்ட சூரிய மண்டலங்கள், அதில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில். மற்ற கேம்களில் செத்தால் எழுந்து மறுபடி ஓடலாம். இங்கே உடைந்த கப்பல் உடைந்ததுதான். இன்சூரன்ஸ் கப்பலின் உடலுக்கு மட்டும், சரக்குக்குக் கிடையாது. இழப்பு உண்மையானது என்பதால்தான் அங்கே சந்தை என்று ஒன்று இயங்குகிறது, உங்கள் வியாபாரத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வருடத்து மாலைப்பொழுதுகளைச் சேர்த்து வைத்திருந்த ஒருவர் அதை ஒரே இரவில் தொலைத்தால் துக்கப்படத்தான் செய்வார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் சத்தியத்துக்கு வருகிறேன். ‘இனி ஒரு நொடிகூடக் கவனம் தவற மாட்டேன்.’ இந்த வாக்கியத்தை ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒருவராலும் காப்பாற்ற முடிந்ததில்லை. கவனம் என்பது மின்சாரம் மாதிரி தம்பி, வரும், போகும். பசிக்கும்போது போகும், அம்மா கூப்பிடும்போது போகும். அதன் மேல் சத்தியம் செய்வது ‘இனிக் கொட்டாவி விடமாட்டேன்’ என்று சத்தியம் செய்வதற்குச் சமம். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு நடந்தது கவனப்பிழையே இல்லை என்று நினைக்கிறேன்.

கவனப்பிழை எப்படியிருக்கும் என்பதற்கு உங்கள் விளையாட்டிலேயே ஊரறிந்த உதாரணம் உண்டு. 2013 ஜனவரியில் அசாக்காய் மண்டலச் சண்டையில் ஒரு டைட்டன் கப்பலை ஓட்டியவர், தன் படையை அந்தப் பக்கம் அனுப்புவதற்காகப் பாலம் திறக்க வேண்டும். மெனுவில் ‘பாலம்’ என்பதை அழுத்துவதற்குப் பதில் ‘தாவு’ என்பதை அழுத்திவிட்டார். படை இந்தப் பக்கம் நிற்க, ஆட்டத்திலேயே மிகப் பெரிய வகைக் கப்பல் தன்னந்தனியாக எதிரிகள் நடுவே போய் நின்றது. காப்பாற்ற ஒரு கூட்டம், அடிக்க ஒரு கூட்டம் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். மூன்று டைட்டன்கள் போயின. அது கை செய்த பிழை. மனம் நினைத்தது சரி, விரல் போனது வேறு இடம்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2014 ஜனவரியில், பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் நடந்தது இன்னொரு வகை. அந்த மண்டலத்தின் உரிமைக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போயிற்று. பணம் தானாகப் போய்விடும் என்று நினைத்திருந்தார்கள், போகவில்லை. உரிமை கைவிட்டுப் போனதும் எதிரிகள் நுழைந்தார்கள். 21 மணி நேரச் சண்டை, 7,500-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், 75 டைட்டன்கள் நாசம். இழப்பின் மதிப்பு 3 லட்சம் டாலர் அளவில் இருக்கும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். சிசிபி அங்கே கப்பல் சிதைவுகளையே நினைவுச் சின்னமாக நிறுத்திவிட்டது, நீங்களே போய்ப் பார்த்திருக்கலாம். அது மறதி. வீட்டில் கரண்ட் பில் கட்ட மறந்த எல்லோருக்கும் புரியும்.

உங்களுடையது இந்த இரண்டில் எதுவுமில்லை. நீங்கள் தவறான பொத்தானை அழுத்தவில்லை. எதையும் மறக்கவில்லை. ஆட்டோபைலட் கப்பலை, அடுத்த மண்டலத்துக்குப் போகும் கேட்டுக்குப் பல கிலோமீட்டர் தள்ளியே இறக்கும், அங்கிருந்து ஃப்ரைட்டர் மாதிரி ஒரு கப்பல் நிமிடக்கணக்கில் ஊர்ந்துதான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். உவெடாமாவின் பாதுகாப்பு மதிப்பு 0.5, ஆகவே கான்கார்ட் என்ற காவல் படை வந்து சேரக் கூடுதல் நேரம் ஆகும் என்பதும் தெரியும். கான்கார்ட் குற்றத்தைத் தடுக்காது, நடந்த பிறகு தண்டிக்க மட்டுமே செய்யும் என்பது முதல் மாதமே கற்றுக்கொண்ட பாடம். எக்ஸ்பாண்டர் போட்டால் இடம் கூடும், கப்பலின் உடல் பலம் குறையும் என்பதும் தெரியும். ‘இழக்க முடியாததை ஓட்டாதே’ என்பதை அந்த விளையாட்டில் சொல்லாத ஆளே கிடையாது. எல்லாம் தெரிந்துதான் எழுந்து போனீர்கள்.

ஏன் போனீர்கள்? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘நாற்பது தடவையாவது போயிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.’ அடுத்த வரி அதைவிட முக்கியம். ‘ஆரம்பத்தில் அரை பில்லியன், ஒரு பில்லியன்தான் ஏற்றுவேன்.’ நீங்கள் யோசிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்ட இந்த இரண்டு வரியையும் நான் பலமுறை படித்தேன். முதல் பயணத்தில் உங்களுக்குப் பயம் இருந்தது, சரக்கு கொஞ்சமாக இருந்தது. ஒவ்வொரு முறை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபோதும் பயம் கொஞ்சம் குறைந்தது. பயம் குறையக் குறையச் சரக்கு கூடியது. ஆபத்து மட்டும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது, இல்லை, அதுவும் கூடிக்கொண்டுதான் இருந்தது.

கேங்க் செய்கிறவர்களுக்கு உங்கள் மேல் பகை ஒன்றும் கிடையாது, அவர்களுக்கு அது கணக்கு. கேட் ஓரத்தில் ஸ்கேனரோடு ஒருவர் நின்று, போகிற கப்பலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். வெடித்தால் சரக்கில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். தங்கள் கப்பல்கள் எப்படியும் கான்கார்டிடம் போய்விடும், அந்தச் செலவைக் கழித்து லாபம் வருமா? ஒரு பில்லியன் சரக்கோடு போன உங்களை அவர்கள் விட்டது நீங்கள் பத்திரமாக ஓட்டியதால் அல்ல, கட்டுபடியாகாததால். 22 பில்லியனில் பாதி 11. அதற்கு முன்னால் அவர்கள் இழக்கும் மலிவான கேட்டலிஸ்ட் வகைக் கப்பல்கள் ஒரு பொருட்டே இல்லை. ஆக, அந்த நாற்பது பயணமும் ‘இந்தப் பாதை பத்திரமானது’ என்று உங்களுக்குச் சொல்லவில்லை. ‘நீ இன்னும் அடிக்கிற அளவுக்குப் பெருக்கவில்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. நீங்கள் அதைத் தவறாகக் கேட்டுவிட்டீர்கள்.

இது பெரிய பெரிய இடங்களிலும் நடக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். உயிரையும் விளையாட்டுச் சரக்கையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், மனம் வேலை செய்யும் விதத்துக்காக மட்டும் சொல்கிறேன். ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரித்துப்போயிருந்தன. அதைக் கண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கலங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. ‘அரிப்பு இருந்தும் ஒன்றும் ஆகவில்லை’ என்பது மெல்ல மெல்ல ‘அரிப்பு இருந்தால் ஒன்றும் ஆகாது’ என்று மாறிப்போனது. அந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தின இரவு பொறியாளர்கள் எச்சரித்தும் எடுபடவில்லை. ஒரு தொழிற்சாலையில், இயந்திரத்தின் தடுப்புக் கதவைத் திறந்துவைத்தபடியே ஓட்டிக் கை நசுங்கிய ஒரு பெண்ணோடு பேசியிருக்கிறேன். ‘எத்தனை நாளாக இப்படி?’ என்றேன். ‘சேர்ந்ததிலேர்ந்து இப்படித்தான் மேடம், எல்லாரும் இப்படித்தான்’ என்றாள். விபத்து நடந்த நாளில் அவள் புதிதாக எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஆகவே உங்கள் பாடம் அந்த வியாழனோ வெள்ளியோ, அந்த ஒரு இரவில் இல்லை. நீங்கள் சாப்பிட எழுந்து போனதை நினைத்து நினைத்து நொந்துகொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிடுங்கள். சாப்பிடப் போவது தப்பில்லை. எழுந்து போனால் இரண்டு வருட உழைப்பு போய்விடும் என்கிற நிலையில் எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றிவைத்ததுதான் தப்பு. அது அன்றைக்குச் செய்ததில்லை, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது.

அதனால் மாற்ற வேண்டியது ஏற்பாட்டை. நம் ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து, அதன் நிறத்தை வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்கு நிறம் தெரியாதா? கவனம் என்றைக்காவது தவறும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. உங்கள் விளையாட்டிலேயே பாருங்கள். 2010-இல் ஒருவர் 74 ப்ளெக்ஸை கெஸ்ட்ரல் என்ற ஒரு சின்னக் கப்பலில் போட்டு ஜிட்டா பக்கம் எடுத்துப் போய் அத்தனையும் இழந்தார். அப்போது ஒரு ப்ளெக்ஸ் என்றால் 30 நாள் ஆட்டம், 74 என்றால் ஆறு வருடம். ஆயிரம் டாலருக்கும் மேல். ‘இனி எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள்’ என்ற புத்திமதி எத்தனை பேருக்குப் பயன்பட்டதோ. 2017-இல் ப்ளெக்ஸுக்கென்று தனிப் பெட்டகம் கொடுத்துவிட்டார்கள். கப்பலில் ஏற்ற வேண்டிய அவசியமே போயிற்று, பிழைக்கான காரணமும் அதோடு போயிற்று.

உங்களுக்கும் அப்படியொன்று வேண்டும். ஒரு பயணத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். அந்தத் தொகையை மனம் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் முடிவு செய்யுங்கள், சரக்கு ஏற்றும்போது அல்ல. வியாபாரத்தில் லாபம் கூடினாலும் அந்த எண் தானாக ஏறக்கூடாது. ஏற்ற வேண்டுமென்றால் ஒரு நாள் தள்ளிப்போட்டு, நண்பர் ஒருவரிடம் காரணம் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு, உடலைப் பலப்படுத்தும் பல்க்ஹெட் போடுங்கள், சரக்கு குறையும், குறையட்டும். அதற்கு மேல் மதிப்புள்ளதை, வேறொருவர் ஏற்றிச் செல்லும் கூரியர் ஒப்பந்தத்தில் கொடுங்கள். சரக்கின் முழு மதிப்பையும் ஈட்டுத்தொகையாக வைத்தால், போனாலும் பணம் உங்களுக்கு வந்துவிடும். நீங்களேதான் ஓட்ட வேண்டுமென்றால் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு ஸ்கவுட், வார்ப்புக்குள் (அதிவேகப் பாய்ச்சல்) சட்டென்று நுழைய வெப் கருவியைப் போட்டு உதவ ஒருவர். இதற்கு மனிதர்கள் வேண்டும். ஒன்பது நாளாக நீங்கள் ஒளிந்துகொண்டிருப்பது அந்த மனிதர்களிடமிருந்துதான்.

கிரெடிட் கார்டைப் பற்றி. வேண்டாம். ப்ளெக்ஸ் வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை, அது அந்த விளையாட்டில் முறையான வழிதான். ஆனால் இப்போது வாங்கத் துடிப்பது நீங்கள் இல்லை, உங்கள் வலி. ஒரு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட ஒரு ரூபாய் போன வருத்தம் கனமானது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். இழந்த நிலையில் இருப்பவர், வழக்கமாகத் தொடத் துணியாத ஆபத்தையும் எப்படியாவது பழைய இடத்துக்குத் திரும்பிவிடத் தொடுவார் என்பதும் அவர்கள் காட்டியது. 15,000 ரூபாயில் வாங்கிய சரக்கை, இதே மனநிலையில், இதே ஃப்ரைட்டரில், ‘சீக்கிரம் சரிக்கட்ட வேண்டும்’ என்று ஏற்றுவீர்கள். கார்டை அம்மாவிடம் கொடுத்துவைத்தாலும் சரி, ஒரு மாதம் இந்த விளையாட்டுக்குள் ஒரு ரூபாய் போகக்கூடாது. நண்பர்களின் கடனை ஐஸ்க்காகவே, விளையாடியே அடையுங்கள். மெதுவாகத்தான் அடையும்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் அதை முடிவு செய்ய வேண்டாம். இப்போது விட்டால் விளையாட்டை விட்டதாக ஆகாது, நண்பர்களிடமிருந்து தப்பித்ததாக ஆகிவிடும், அது பல வருடம் உள்ளே உறுத்தும். கடன் அடைந்த பிறகு, மனம் வெறுமையாக இருந்தால் அமைதியாக வெளியே வாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங் டிஸார்டர்’ என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பயந்திருப்பீர்களோ என்பதால் சொல்கிறேன். விளையாட்டைக் கட்டுப்படுத்தவே முடியாமல், வேலை, குடும்பம், உடம்பு எல்லாம் கெட்டும் தொடரும் போக்கு பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். ஒன்பது நாள் தூக்கம் கெட்டிருப்பது துக்கம். அது இன்னும் மூன்று, நான்கு வாரம் இப்படியே நீண்டாலோ, வேலைக்குப் போகவே முடியாமல் ஆனாலோ, நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஆபீஸ் மெயிலை நாலு முறை சரிபார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மனம் ‘நான் கவனமில்லாதவன்’ என்ற தவறான பாடத்தைப் படித்ததன் விளைவு அது. மெயிலில் உங்களுக்கு எந்தப் பிழையும் நடக்கவில்லையே. இரண்டு முறை பாருங்கள், அனுப்புங்கள். மூன்றாவது முறை கை போகும்போது, நடந்தது எங்கே, நான் சரிபார்ப்பது எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். விபத்துக்குப் பிறகு தொழிலாளர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு நோட்டில் இதை முழுதாக எழுதுங்கள், முடிந்தால் உங்கள் கார்ப்பில் புதிதாகச் சேர்கிறவர்கள் படிக்கும் இடத்தில் போடுங்கள். உவெடாமாவிலிருந்து தொடங்க வேண்டாம். ஆட்டோபைலட் போட்டுவிட்டு முதன்முதலாக நாற்காலியை விட்டு எழுந்த நாளிலிருந்து தொடங்குங்கள். அன்று கப்பலில் எவ்வளவு இருந்தது, திரும்பி வந்து கப்பலைப் பத்திரமாகப் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள், அடுத்த முறை எவ்வளவு கூட்டினீர்கள் என்று ஞாபகம் இருக்கும் வரை வரிசையாக எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். நண்பர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து.